அடிக்கல்லுக்கு முன் ஆழ்துளை

விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு ரயிலில் போக இரண்டு வழிகள் உண்டு. கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று காவிரிப் படுகையின் பெரிய ஊர்களையெல்லாம் தொட்டுக்கொண்டு போவது மெயின் லைன். தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1870களில் போட்ட பாதை அது. விருத்தாசலம், அரியலூர், லால்குடி என்று உட்புறமாக, கூடிய மட்டும் நேராக ஓடுவது கார்டு லைன். 1920களின் இறுதியில் வந்தது. கார்டு லைனில் போனால் 60 கி.மீ.க்கு மேல் மிச்சம்.

அந்த 60 கி.மீ. மிச்சம்தான் அடுத்த நூறு ஆண்டுகளின் போக்கைத் தீர்மானித்தது. அகல ரயில் பாதை முதலில் வந்தது கார்டு லைனில். இரட்டைப் பாதையும் அங்கேதான். பாண்டியன், வைகை முதல் வந்தே பாரத் வரை மதுரைக்கும் நெல்லைக்கும் போகும் வேக ரயில்கள் அந்த வழியாகவே ஓடுகின்றன. விழுப்புரம்–தஞ்சாவூர் மெயின் லைனோ இன்னும் ஒற்றைப் பாதைதான். எதிரே வரும் ரயிலுக்காக ஸ்டேஷனில் காத்துக்கிடப்பது அங்கே அன்றாடக் கதை. இரட்டைப் பாதை கேட்டு கும்பகோணத்துக்காரர்களும் மயிலாடுதுறைக்காரர்களும் மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கார்டு லைனுக்கும் மேற்கே ஒதுங்கிவிட்ட பெரம்பலூர், 1995-ல் மாவட்டத் தலைநகரான பிறகும் ரயில் நிலையம் இல்லாத ஊராகவே இருக்கிறது.

எஞ்சின் மாறும், பெட்டி மாறும், சிக்னல் மாறும். நிலத்தில் ஒருமுறை விழுந்த கோடு மட்டும் லேசில் மாறாது. அதைச் சுற்றி ஊர் வளர்கிறது, கடைத்தெரு வளர்கிறது, நிலத்தின் விலை ஏறுகிறது. பிறகு பத்து மீட்டர் தள்ளிப் போடவும் முடியாது. ரயில்வேக்காரர்கள் ‘அலைன்மென்ட்’ என்று சொல்லும் அந்தக் கோட்டை வரைவதுதான் ஒரு புதிய பாதையின் ஆகப் பெரிய முடிவு. திருத்துவதற்கு ஆகக் குறைவாகச் செலவாகும் கட்டமும் அதுவே.

இவ்வளவு கனமான முடிவை நம் நாட்டில் எடுக்கும் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் அறிவிப்பு, பிறகு அடிக்கல், அதன் பிறகு விரிவான ஆய்வு. மண்ணைத் துளையிட்டுப் பார்ப்பதும் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று கணக்கெடுப்பதும் பல நேரம் கடைசியில் வருகின்றன. ராமேஸ்வரம்–தனுஷ்கோடி பாதையை எடுத்துக்கொள்ளலாம். சுமார் 17 கி.மீ. நீளம்தான். 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். பிறகு, சூழலியல் காரணங்களால் இது வேண்டாம் என்று மாநில அரசு சொல்ல, திட்டம் நின்றுபோனது. அந்த மணல்திட்டு எப்படிப்பட்டது என்பது 1964 டிசம்பர் புயலிலேயே ஊருக்கும் உலகத்துக்கும் தெரிந்துவிட்டது. அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே கேட்டு முடித்திருக்க வேண்டிய கேள்வி அது.

வரிசையை மாற்ற வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது. முதலில் ஆழ்துளை, பிறகு கோடு, கடைசியில் அடிக்கல்.

கோடு போடுவதில் அப்படி என்ன இருக்கிறது, இரண்டு ஊர்களை நேராக இணைத்தால் போதாதா என்று தோன்றலாம். ரயிலுக்கு இரண்டு விஷயங்கள் ஆகாது: ஏற்றமும் வளைவும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் பாதையை எடுத்துக்கொள்வோம். நடந்து போகிறவருக்கு அது ஏற்றம் என்றே தெரியாது. ஆனால் அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு டன் எடைக்கும் 10 கிலோ இழுவிசை கூடுதலாக வேண்டும். 5,000 டன் நிலக்கரி ரயில் என்றால், சமதளத்தில் இழுப்பதற்கு மேல் இன்னும் 50 டன் விசை. ஒரு பெரிய சரக்கு மின் எஞ்சினின் முழு இழுவிசையே ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே இரண்டாவது எஞ்சின் மாட்ட வேண்டும், அல்லது சரக்கைக் குறைக்க வேண்டும். அதே ஏற்றத்தை இருநூறுக்கு ஒன்று என்று தணித்தால் கூடுதல் விசை பாதியாகிறது. தணிப்பதற்குப் பாதையைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும், அல்லது குன்றைக் குடைய வேண்டும். இரண்டுக்கும் காசு ஆகும். கட்டும்போது ஒரே ஒருமுறை ஆகும் செலவா, ஓட்டும்போது ஒவ்வொரு ரயிலுக்கும் ஆகும் செலவா என்பதுதான் கணக்கு.

வளைவின் கதையும் இதேதான். வெளிப்பக்கத் தண்டவாளத்தை விதி அனுமதிக்கும் அளவுக்கு உயர்த்தினாலும், 440 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 90 கி.மீ. வேகத்தை எட்டுவதே கடினம். ஆரம் 1,750 மீட்டர் என்றால் 160 கி.மீ. வேகத்துக்குத் தடை இல்லை. ஒரே ஓர் இறுக்கமான வளைவு போதும். அதற்கு முன் பிரேக் போட்டு, அதைத் தாண்டி மறுபடி வேகம் பிடிக்க வேண்டும். நேரமும் மின்சாரமும் வீண். ஸ்டேஷன் வரும் இடத்துக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. நிறுத்திய வேகன் தானாக உருண்டுவிடாமல் இருக்க, அங்கே சரிவு நானூறுக்கு ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. 1,200-க்கு ஒன்று என்பதே விரும்பத்தக்கது. ஊருக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும், நீளமான சமதளமாகவும் இருக்க வேண்டும், யார் வீட்டையும் இடிக்கவும் கூடாது. இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடிவருவது அபூர்வம். பல ஊர்களில் ஸ்டேஷன் ஊரை விட்டு வெகுதூரம் தள்ளி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கணக்கை முதன்முதலில் முறையாகப் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்கப் பொறியாளர் ஆர்தர் மெல்லன் வெலிங்டன். ரயில் பாதைக்கு இடம் தேர்வதன் பொருளாதாரம் பற்றி 1877-ல் அவர் எழுதிய நூல் பின்னர் விரிவாக்கப்பட்டு, பொறியாளர்களுக்குப் பல்லாண்டுகள் வழிகாட்டியாக இருந்தது. கட்டுமானச் செலவோடு ஓட்டும் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் காலத்திலேயே நிலைபெற்ற பாடம். ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் நம் ஊரில் ஒரு திட்டம் அறிவிக்கப்படும்போது காதில் விழுவது இரண்டே எண்கள்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை கோடி.

தமிழ்நாட்டுச் சமவெளியில் கோடு போடுகிறவர் முதலில் அஞ்ச வேண்டியது மலைக்கு அல்ல. தண்ணீருக்கு.

2023 டிசம்பர் 17 இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. முன்னே, செய்துங்கநல்லூர்ப் பக்கம், பாதைக்கு அடியில் கிடந்த ஜல்லியையும் கரை மண்ணையும் வெள்ளம் வாரிக்கொண்டு போய்விட்டது. தண்டவாளம் சிலீப்பர்களோடு அந்தரத்தில் தொங்கியது. கீழே காட்டாறு. சுமார் 800 பயணிகள் அகப்பட்டுக்கொண்டார்கள். ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள்; மற்றவர்களுக்கு ரயில் பெட்டியே வீடு. ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வந்தது. 19ஆம் தேதிதான் அவர்களை வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டுபோய் வேறு ரயிலில் ஏற்றி அனுப்ப முடிந்தது. அந்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு எந்தப் பாதையும் தாங்காது என்று சொல்லலாம், ஓரளவு உண்மைதான். ஆனால் திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதை 1923-ல் வந்தது. தாமிரபரணிப் பாசனத்தின் வயல்களும் குளங்களும் நிறைந்த தாழ்நிலம் அது. அன்றைக்குக் கணக்கிட்ட நீர்வழியின் அகலம் இன்றைய மழைக்குப் போதுமா என்ற கேள்வியை அந்த இரவு எழுப்பிவிட்டுப் போனது.

முதன்முறை எழுந்த கேள்வியும் அல்ல. 1956 நவம்பர் 23 அதிகாலை, முன்பு சொன்ன கார்டு லைனில், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலத்தருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. பெருக்கெடுத்த ஆறு பாலத்தை ஒட்டிய கரையை அரித்திருந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகியதை நாடு இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. மருதையாறு ஆண்டில் பெரும்பகுதி சிறு ஓடையாகத் தெரியும் ஆறு என்பதையும் சேர்த்து நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ரயில் பாதை என்பது வெறும் தண்டவாளம் அல்ல. சமவெளியில் அது கிலோமீட்டர் கணக்கில் நீளும் ஒரு மண் கரை. தண்ணீர் ஓடும் திசைக்குக் குறுக்கே போட்டால், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது அணையாகிவிடும். மேல்பக்கத்து வயலில் தண்ணீர் தேங்கும், கீழ்ப்பக்கத்துக் கண்மாய்க்கு வரத்து நின்றுபோகும். எத்தனை சிறுபாலம், எந்த இடத்தில், எவ்வளவு அகலம் என்பதைப் பொதுப்பணித் துறையின் பழைய கண்மாய் ஆவணங்களையும் ஊர்ப் பெரியவர்களின் நினைவையும் கேட்காமல் முடிவு செய்ய முடியாது. கோடையில் வரைபடத்தோடு வந்து நிற்கும் சர்வே குழுவின் கண்ணுக்கு ஓடை வெறும் பள்ளமாகத்தான் தெரியும்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் வழியாகத் தூத்துக்குடிக்குத் திட்டமிட்டிருக்கும் 143 கி.மீ. பாதையை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். 2011-12 பட்ஜெட்டில் வந்த திட்டம். தூத்துக்குடிப் பக்கத்தில் மீளவிட்டான்–மேல்மருதூர் இடையே 18 கி.மீ. முடிந்திருக்கிறது. மிச்சப் பாதை குண்டாறு, வைப்பாறு படுகைகளைக் குறுக்கே கடக்க வேண்டும். வழியெங்கும் ஒன்றுக்கொன்று தண்ணீர் கொடுக்கும் கண்மாய்ச் சங்கிலிகள். இந்தப் பாதை கட்டாயம் வேண்டும். துறைமுகத்துக்கும் மதுரைக்கும் இடையே இன்னொரு வழி கிடைக்கும்; ரயிலையே காணாத கரிசல் ஊர்களுக்கு ரயில் வரும். வேண்டும் என்பதாலேயே கண்மாய்க் கணக்கை முதலில் போட வேண்டும். பிறகு போட்டால் மண் கரையை உடைத்துத்தான் பாலம் வைக்க வேண்டியிருக்கும்.

கேரளத்தில் இந்தக் கேள்வி ஒரு பெரிய திட்டத்தையே முடக்கியது. திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோடு வரை சுமார் 530 கி.மீ.க்கு சில்வர்லைன் என்ற அதிவேகப் பாதை போட அந்த மாநில அரசு திட்டமிட்டது. மதிப்பீடு 63,941 கோடி ரூபாய். அதில் பாதிக்கும் மேல் மண் கரை. 2018 பெருவெள்ளத்தைப் பார்த்த மக்கள், இந்தக் கரை தண்ணீரைத் தடுக்காதா என்று கேட்டார்கள். தெளிவான பதில் வருவதற்கு முன் வீட்டு முற்றத்தில் எல்லை குறிக்கும் மஞ்சள் கல் வந்தது. 2022-ல் கல் நடும் இடமெல்லாம் போராட்டம். பிடுங்கி எறிந்தார்கள், போலீஸோடு தள்ளுமுள்ளு. மே மாதம் கல் நடுவதையே அரசு கைவிட நேர்ந்தது. நான்கு மணி நேரத்தில் மாநிலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவது நல்ல கனவு. அந்தக் கனவின் மீது நம்பிக்கை போனதற்கு, கோட்டைக் காட்டுவதற்கு முன் கல்லைக் காட்டியது ஒரு முக்கியக் காரணம்.

தண்ணீருக்கு அடுத்தது மண். இதற்குக் கொங்கன் ரயில்வேயை விடப் பொருத்தமான பாடம் இந்தியாவில் இல்லை.

மகாராஷ்டிரத்தின் ரோகாவிலிருந்து மங்களூருக்குப் பக்கத்துத் தோக்கூர் வரை சுமார் 740 கி.மீ. 1990-ல் கழகம் அமைந்தது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் ரயில்வே அமைச்சர், மது தண்டவதே நிதியமைச்சர், கழகத்தின் தலைமையில் இ. ஸ்ரீதரன். 1998-ல் முழுப் பாதையும் திறந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஆற்றுக்கு ஆறு பள்ளத்தாக்கு குறுக்கிடும் நிலத்தில், ஏற்றம் 150-க்கு ஒன்றைத் தாண்டக்கூடாது, வளைவின் ஆரம் 1,250 மீட்டருக்குக் குறையக்கூடாது என்று விதி வைத்துக்கொண்டார்கள். 160 கி.மீ. வேகத்துக்கான பாதை. அந்த விதியைக் காப்பாற்றத்தான் தொண்ணூறுக்கு மேற்பட்ட சுரங்கங்களும் ஏறத்தாழ 2,000 பாலங்களும். ரத்னகிரிக்கு அருகே பன்வல் நதிப் பள்ளத்தாக்கில் 64 மீட்டர் உயரத்தில் ரயில் போகிறது. கார்புடே சுரங்கம் ஆறரை கி.மீ. கோட்டின் வடிவத்தில் சமரசம் செய்யாததால்தான் மும்பைக்கும் மங்களூருக்கும் இடையே அவ்வளவு நேரம் மிச்சமானது. அந்த முடிவு சரியானது.

வடிவம் சரியாக இருந்தும் மண் வேறு கணக்கு வைத்திருந்தது. அங்கே பல இடங்களில் இருப்பது செம்புரைக்கல்லும் நீர் ஊறும் களிமண்ணும். கோவாவின் பெர்னெம் சுரங்கத்தில் கட்டும்போதே மண் திரும்பத் திரும்பச் சரிந்தது. பாதை முழுமையாகத் திறப்பதில் கடைசிவரை தடையாக நின்றவற்றில் அதுவும் ஒன்று. பாதை திறந்த பிறகு, 2003 ஜூனில் வைபவ்வாடி அருகே பாதையில் விழுந்த பாறைகளில் மோதி ரயில் தடம் புரண்டு ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். மறு ஆண்டு ஜூனில் மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸ் இதேபோல் பாறைகளில் மோதிப் பாலத்திலிருந்து விழுந்தது. அதன் பிறகுதான் மலை வெட்டுகளின் சரிவைக் குறைப்பதும், கம்பி வலை போடுவதும், இரவும் பகலும் ரோந்து போவதும் பெரிய அளவில் நடந்தன. 2024 ஜூலையில்கூட பெர்னெம் சுரங்கத்துக்குள் சேறும் தண்ணீரும் பொங்கி ரயில்கள் பல மணி நேரம் நின்றன. இன்றும் ஆண்டுதோறும் ஜூன் மாதம் மழைக்கால அட்டவணை அமலுக்கு வரும்; 160 கி.மீ.க்கு என்று வரைந்த பாதையில் ரயில்கள் நிதானமாகப் போகும். அந்தப் பாதையைக் கட்டியவர்களின் உழைப்பை இது குறைத்துவிடாது. எட்டு ஆண்டுகளில் அவர்கள் செய்தது பெரும் சாதனை. ஆனால் சரிவுகளை உறுதிப்படுத்தும் செலவு முன்னதாக ஆகியிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பித்திருக்கும்.

முன்னதாகச் செலவழிப்பது எப்படியிருக்கும் என்பதைச் சுவிட்சர்லாந்தில் பார்க்கலாம். 57 கி.மீ. நீளமுள்ள கோட்ஹார்டு அடிவாரச் சுரங்கம் 2016-ல் திறந்தது. அதன் பாதையில் பியோரா என்றொரு பகுதி. அங்கே சர்க்கரைபோல் உதிரும் டோலமைட் பாறை, உயர் அழுத்தத்தில் தண்ணீரோடு கலந்து கிடக்கலாம் என்று புவியியலாளர்கள் அஞ்சினார்கள். சுரங்கம் தோண்டும் இயந்திரம் அதற்குள் போனால் மொத்தத் திட்டமும் புதைந்துவிடும். அவர்கள் முதன்மைச் சுரங்கத்தைத் தொடுவதற்கு முன், 1990களில், மேலே ஐந்தரை கி.மீ.க்கு ஓர் ஆய்வுச் சுரங்கம் குடைந்து, அதிலிருந்து கீழ்நோக்கித் துளையிட்டார்கள். 1996-ல் ஒருமுறை தண்ணீரும் மண்ணும் பீறிட்டு அடித்தன; பயம் வீணல்ல என்று தெரிந்தது. தொடர்ந்து துளைத்தபோது, சுரங்கம் போகப்போகும் ஆழத்தில் பாறை கெட்டியாகவும் உலர்ந்தும் இருப்பது உறுதியானது. பின்னாளில் இயந்திரங்கள் அந்த இடத்தைச் சேதமில்லாமல் கடந்து போயின. அதற்குக் கொடுத்த விலை பல ஆண்டு ஆய்வு. ஒரு மலைக்குள் இயந்திரத்தைப் பறிகொடுப்பதோடு ஒப்பிட்டால் சொற்பம்.

நம் காஷ்மீர்ப் பாதை இதற்கு நேர்மாறான வழியில் பாடம் கற்றது. உதம்பூர்–ஸ்ரீநகர்–பாரமுல்லா, 272 கி.மீ., 2002-ல் தேசியத் திட்டமாக அறிவிக்கப்பட்டது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே 2008-ல் கத்ராவுக்கு அப்பால் பணியை நிறுத்திவிட்டு, போட்ட கோடு சரிதானா என்று நிபுணர்களைக் கேட்டார்கள். சில பகுதிகள் மாறின. கோட்டைப் பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அஞ்சி ஆற்றின் மேல் வளைவுப் பாலம் என்று தொடங்கி, பாறையின் நிலை ஒத்துவராததால் கம்பிவடப் பாலமாக மாற்றினார்கள். செனாப் நதிக்கு 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாலம் உலகமே வியக்கும் வேலை. அதன் மேல் ரயில் ஓட 2025 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இமயத்தின் மண் யாருக்கும் எளிதல்ல. ஆனால் நிறுத்தி, யோசித்து, மாற்றிய ஆண்டுகளில் ஒரு பகுதியாவது முன்பே செய்திருக்கக்கூடிய ஆய்வுக்குரியது.

தண்ணீரையும் மண்ணையும் அளக்கலாம். கோட்டுக்கு அடியில் இருக்கும் மனிதர்களின் கணக்கு அளவுகோலில் சிக்குவதில்லை. அங்கமாலி–எருமேலி சபரி ரயில் பாதை 1997-98-ல் அனுமதி பெற்றது, 111 கி.மீ. காலடி வரை 7 கி.மீ. மட்டும் போட்டார்கள். அதற்கப்பால் கல் நட்ட நிலங்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே கிடக்கின்றன. விற்க முடியாது, வாங்க ஆள் வராது, வங்கியில் அடமானம் வைத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய முடியாது. ரயிலும் வரவில்லை, நிலமும் கையில் இல்லை. இதற்கிடையே செங்கன்னூரிலிருந்து பம்பைக்கு இன்னொரு கோடு பேசப்படுகிறது. அது வந்தால் இத்தனை ஆண்டு நிலத்தைக் கட்டிவைத்துக் காத்திருந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

சட்டம் இவர்களுக்குத் தரும் இடம் மிகச் சிறியது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006 அறிவிக்கையில் ரயில் பாதைகள் இடம்பெறவில்லை. நெடுஞ்சாலைக்கும் சிமென்ட் ஆலைக்கும் மக்கள் கருத்துக்கேட்பு உண்டு. ரயில் பாதைக்குக் கட்டாயமில்லை. வனநிலம் குறுக்கிட்டால் மட்டும் வனத்துறை அனுமதி வேண்டும். ரயில்வே சட்டத்தில் 2008-ல் சேர்த்த பிரிவுகளின்படி, நிலம் எடுக்கும் அறிவிக்கை வந்த 30 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் அப்போது கோடு முடிவாகியிருக்கும். எந்த வழியாகப் போகலாம் என்ற கேள்வி முடிந்து, எவ்வளவு பணம் தருவது என்ற கேள்வி மட்டுமே மிஞ்சியிருக்கும். கோவாவில் கொங்கன் பாதை கடலோரத்துத் தாழ்நில வயல்கள் வழியாகவும் நெருங்கிய ஊர்கள் வழியாகவும் போவதை எதிர்த்து, உட்புறமாக மாற்றுவழி கேட்டு மக்கள் போராடியபோது 1993-ல் வேலையை நிறுத்தி, நீதிபதி ஓசாவின் ஒருநபர் விசாரணை வைக்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் பழைய கோடே நிலைத்தது. அந்த விசாரணையைக் கோடு போடுவதற்கு முன்பே நடத்தியிருந்தால் இரண்டு தரப்புக்கும் நிம்மதி.

காட்டின் விலை வேறு. கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே எட்டிமடை–வாளையாறு பகுதியில் இரண்டு தண்டவாளங்கள் யானைகளின் வழியை வெட்டிக்கொண்டு போகின்றன. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே ரயிலில் மூன்று யானைகள் அடிபட்டு இறந்தன. 2024-ல் மதுக்கரையில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வைத்து வனத்துறை காவல் காக்கத் தொடங்கியது. பாதைக்கு அடியில் யானைகள் போக வழியும் அமைத்தார்கள். நல்ல முயற்சி. இனி வரும் பாதைக்கு இந்தத் துயரம் வேண்டாம்.

இத்தனையையும் சேர்த்துப் பார்ப்பது மனித மூளைக்கு முடியாத காரியம் என்று இனி சொல்ல முடியாது. ஏற்றம், வளைவு, மண்ணின் தரம், நீர்வழி, வீடுகள், காடு என எல்லாவற்றையும் கொடுத்தால் ஆயிரக்கணக்கான மாற்றுக் கோடுகளை வரைந்து ஒவ்வொன்றின் செலவையும் சொல்லும் மென்பொருள்கள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வில் பிறந்த அப்படியொரு மென்பொருள் கலிபோர்னியாவின் அதிவேக ரயில் திட்டத்தில் பயன்பட்டது. மும்பை–ஆமதாபாத் புல்லட் ரயில் பாதைக்கு விமானத்திலிருந்து லேசர் கதிர் வீசி நிலத்தை அளந்தார்கள். வழக்கமாக ஓராண்டு பிடிக்கும் அளவை வேலை சில மாதங்களில் முடிந்தது. பிரதமரின் கதி சக்தி தளத்தில் 2021 முதல் பல துறைகளின் வரைபடங்கள் ஒன்றுசேர்ந்துவருகின்றன. கருவி இருக்கிறது. ஆனால் ஒரு கண்மாய்க்கு எவ்வளவு மதிப்பு, ஒரு தென்னந்தோப்புக்கு எவ்வளவு மதிப்பு என்று கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது மனிதர்கள். அந்த எண்கள் அறைக்குள் முடிவானால், முன்பு ஒரு பொறியாளர் பென்சிலால் போட்ட கோட்டுக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. எண்களை வெளியே வைக்க வேண்டும்.

“ஆய்வு, ஆய்வு என்றால் பாதை எப்போது வரும்?” என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. திண்டிவனம்–திருவண்ணாமலை, சென்னை–மாமல்லபுரம்–கடலூர், ஈரோடு–பழனி எல்லாம் 2006-க்கும் 2009-க்கும் இடையில் பட்ஜெட்டில் வந்தவை. ஒரு தலைமுறைக் குழந்தைகள் பள்ளி முடித்துவிட்டார்கள். இன்னும் ரயில் ஓடவில்லை. ஆனால் இவற்றைத் தாமதப்படுத்தியது ஆய்வின் மிகுதி அல்ல. நிதி ஒதுக்காமல் பெயரை மட்டும் பட்டியலில் வைத்திருந்ததும், நிலத்தில் சிக்கல் வந்தபோது மாற்றுக் கோடு கையில் இல்லாததும்தான். மொரப்பூர்–தருமபுரி பாதையைப் பாருங்கள். அங்கே குறுகிய ரயில் பாதை ஒன்று இருந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1941-ல் பெயர்த்து எடுக்கப்பட்டது. அதே இணைப்புக்கு மறுபடி அனுமதி வந்தபோது பழைய பாதை இருந்த இடத்தில் பல பகுதிகள் வீடும் சாலையுமாக மாறியிருந்தன. கைவிட்ட கோட்டைக்கூடப் பாதுகாத்து வைக்கவில்லை நாம்.

சரியாகப் போட்ட கோட்டின் பலனும் நம் கண் முன்னால் இருக்கிறது. சேலம்–நாமக்கல்–கரூர் பாதை 85 கி.மீ.; அனுமதி 1996-97, திறந்தது 2013. பதினேழு ஆண்டு இழுபறிதான். ஆனால் ஈரோட்டைச் சுற்றிப் போக வேண்டிய தெற்கத்தி ரயில்களுக்கு சுமார் 40 கி.மீ. குறைந்தது, ரயிலே இல்லாதிருந்த நாமக்கல்லுக்கு ஸ்டேஷன் கிடைத்தது. கோட்டின் வேலையே அதுதான்: தூரத்தைக் குறைக்க வேண்டும், ஊரையும் தொட வேண்டும்.

ரயில்வே வாரியம் செய்ய வேண்டியது கடினமான காரியம் அல்ல. இறுதி சர்வேயும் மண் துளை ஆய்வும் நீரோட்ட ஆய்வும் முடியாத எந்தப் பாதைக்கும் அடிக்கல் விழா வேண்டாம். ஒவ்வொரு புதிய பாதைக்கும் குறைந்தது மூன்று மாற்றுக் கோடுகளை, கட்டும் செலவும் ஐம்பது ஆண்டு ஓட்டும் செலவும் சேர்த்து வெளியிட வேண்டும். கல் நட்ட நிலத்தை ஐந்து ஆண்டுகளுக்குள் எடுக்காவிட்டால் உரியவருக்கே விட்டுவிட வேண்டும். ரயில் பாதைக்கும் மக்கள் கருத்துக்கேட்பைச் சட்டமாக்க வேண்டும். வேலை தொடங்கிய பிறகு நீதிமன்றத்தில் கழியும் ஆண்டுகளை விட அது குறைந்த காலமே எடுக்கும்.

தமிழ்நாட்டு எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை கோடி ஒதுக்கினீர்கள் என்று கேட்கிறார்கள். அதோடு, எந்த வழியாகப் போகிறீர்கள், ஏன் அந்த வழி, எங்கெங்கே துளையிட்டுப் பார்த்தீர்கள் என்றும் கேட்க வேண்டும். மதுரை–தூத்துக்குடி, திண்டிவனம்–திருவண்ணாமலை, ஈரோடு–பழனி பாதைகளின் வரைபடமும் ஆய்வு அறிக்கையும் அந்தந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தமிழில் வைக்கப்பட வேண்டும். அவை வரும்போது, அந்த ஊர்க்காரர்கள் போய்ப் பார்த்து, தங்கள் கண்மாயும் ஓடையும் அதில் சரியாகக் குறித்திருக்கின்றனவா என்று சரிபார்த்துச் சொல்ல வேண்டும்.